ஆர்டிஸின் வலது கால்

ஆர்டிஸ் மோர்க் உட்கார்ந்து இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதுகூடக் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்றுகொண்டிருப்பாள். பாதிரியார் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் கீழே சமையலறையில் காபி கொதிக்கும் சத்தம் கேட்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்தவள். அவளால் உட்கார முடிந்த ஒரே இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். ஸ்கூல் பஸ் ஓட்டிய வருஷங்களைப் பற்றிக் கேட்டால், "பஸ் ஓடிக்கிட்டுதான இருந்துச்சு, அதெல்லாம் உக்காந்த கணக்குல வராது" என்பாள்.

அவள் புருஷன் லேலண்ட் நேர் எதிர். தூண்டிலைப் போட்டுவிட்டு அரை நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை என்றாலும் வீட்டுக்கு வந்து, "நல்லா இருந்துச்சு" என்பான். இப்படி இரண்டு பேரை ஒரே கூரைக்குக் கீழே போட்டவன் மேலே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தரம் லேலண்ட் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனான். படகுக்குள் அவள் நடக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் நனையாமல் கரைக்கு வந்தது அவர்கள் செய்த புண்ணியம். அன்றைக்கே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அவன் படகில், அவள் கரையில்.

டிசம்பர் வந்தால் மிசிசிப்பி ஆறு மேலும் கீழும் உறைந்துவிடும். எங்கள் அணைக்குக் கீழே மட்டும் மதகுத் தண்ணீர் கொட்டிக் கலக்குவதால் உறையாது. சாகர் என்கிற ஆற்று மீனெல்லாம் அங்கேதான் வந்து அடையும். மீன் அடைகிற இடத்தில் ஊர்ப் படகெல்லாம் அடையும். இருப்பது ஒரே ஒரு சரிவு. ஆற்றுக்குள் இறங்குகிற அந்தக் காங்கிரீட் தளத்தில், டிரக்கைப் பின்னால் விட்டு டிரெய்லரோடு படகைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். வெயில் காலத்தில் இதை யாரும் செய்துவிடலாம். குளிர்காலத்தில் சரிவுக்கு வேறு குணம் வந்துவிடும். வெளியே வருகிற ஒவ்வொரு படகிலிருந்தும் சொட்டுகிற தண்ணீர் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையும். அதற்கு மேல் டயர் ஏறினால் அப்புறம் டிரக் நாம் சொல்வதைக் கேட்காது.

அதனால் இங்கே சில பழக்கங்கள் உண்டு. படகை வெளியே இழுத்தால் தண்ணீர் ஓரத்திலேயே நிறுத்தி, படகின் அடியிலிருக்கிற அடைப்பானைப் பிடுங்கி, கடைசிச் சொட்டு வடிகிறவரை நிற்க வேண்டும். அப்புறம்தான் மேலே ஏறலாம். வீட்டில் விறகு அடுப்பு வைத்திருக்கிறவர்கள் ஐஸ்மேல் தூவ ஆளுக்கொரு வாளி சாம்பல் கொண்டுவர வேண்டும். இறக்குகிறவர் சீட் பெல்ட் போடக் கூடாது, தன் பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். டிரக் வழுக்கினால் குதித்துவிடலாம். படகை டிரெய்லரோடு பிடித்திருக்கிற வாரை, படகின் பின்பக்கம் தண்ணீரைத் தொடுகிறவரை கழற்றவே கூடாது. ஒருத்தர் மேலேயே கழற்றிவிட்டு, படகைக் காங்கிரீட்டில் குப்புறப் போட்டார். வெட்கத்தில் அயோவா மாநிலத்துக்கே குடிபோய்விட்டார் என்று பேச்சு.

இதையெல்லாம் ஆர்டிஸ்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்வாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. லேலண்டை இறக்கிவிட்டுச் சாம்பல் வாளியோடும் கரண்டியோடும் அங்கேயே உலாத்துவாள். யாராவது டிரெய்லரைக் கோணலாக விட்டால் அவளுக்குப் பொறுக்காது. "தள்ளு தள்ளு, பாக்க முடியல. சாவியைக் குடு" என்று ஏறிவிடுவாள். ஒரே விடலில், நூல் பிடித்ததுபோல இறக்கிக் கொடுப்பாள். ஆறடி ஆண்பிள்ளைகள் மிட்டாய் வாங்கிய பையன்கள்போலத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள்.

போன நவம்பரில்தான் அவள் காலுக்கு அது வந்தது. வந்தது என்பதைவிடப் போனது என்று சொல்ல வேண்டும். அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். ஏதோ கம்பளி கருகுகிற வாடை அடித்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தாள், கடைசியில் குனிந்து பார்த்தாள். ஒரு கங்கு அவளுடைய வலது கால் காலுறைமேல் உட்கார்ந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வலி இல்லை. சூடுகூடத் தெரியவில்லை. சர்க்கரை வியாதி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். இனிமேல் வண்டி ஓட்டாதீர்கள், பிரேக் எங்கே இருக்கிறது என்று உங்கள் காலுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் லேலண்ட் கேட்டான், "என்ன சொன்னார்?"

"ஆப்பிள் பை சாப்பிடறத குறைக்கச் சொன்னார்."

"நல்லதுதான" என்று அவன் தனக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. மேசைக்கு அடியில் குதிகாலைத் தரையில் தட்டித் தட்டிப் பார்ப்பாள். சத்தம் கேட்கும், தரை தெரியாது. வீட்டுக்குள் குட்டி போட்ட பூனைபோலச் சுற்றுவாள். ஓட்டுவதை விட்டால் தனக்கு மிச்சம் என்ன? ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து பறவைத் தீனிக்கு வருகிற அணிலை விரட்டலாம். அதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். கால் சொல்லாததைக் கண் சொல்லலாம் இல்லையா? திறந்திருக்கிற கதவுப் பக்கம் வெளிச்சம் விழும். ஒரு நொடி குனிந்து பூட்ஸ் எந்தப் பெடல்மேல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பிறகு கண்ணாடியைப் பார்ப்பாள். கதவு திறந்திருப்பது ஊர்ப் பழக்கம், ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் கண்ணாடியும் காலும் ஒரே பக்கத்திலா இருக்கின்றன? ஒன்றைப் பார்த்தால் மற்றது விட்டுப்போகும். ஒவ்வொரு தரமும் இறக்கி முடித்தபின் அவள் முதுகு வேர்த்திருக்கும், அந்தக் குளிரிலும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. சாகர் நன்றாகக் கடிக்கிறது என்று யாரோ சொல்லிவிட, காலையிலேயே சாலைவரை டிரக்குகள் வரிசை கட்டி நின்றன. முதலில் வெளியே வந்தவன் ட்ரெவர் ஸ்லெட்டன். மெக்கானிக், முப்பத்தைந்து வயதிருக்கும், வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் சீக்கிரம் கிளம்பினான். மரியாதைக்குப் பிறந்தவன். நாற்சந்தியில் அவன் வண்டி நின்றால் எல்லாருக்கும் கையைக் காட்டி வழிவிட்டு, மத்தியானம்வரை அங்கேயே நிற்பான் என்று கிண்டல் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் பொய் சொன்னால்கூட மன்னித்துவிடுவார்கள், வரிசையில் நிற்கிறவர்களைக் காக்கவைத்தால் மன்னிக்க மாட்டார்கள். மேலே நிற்கிற டிரக்குகளைப் பார்த்ததும் ட்ரெவருக்குக் கூச்சமாகிவிட்டது. தண்ணீரை வடிய விடாமல் நேரே மேலே இழுத்துவிட்டான். அவன் படகு சரிவு முழுக்கக் கோடு போட்டுக்கொண்டு போயிற்று.

"ஏண்டா, உன் படகுக்கு மூத்திரக் கோளாறா? நின்னு வடிய விட்டுட்டு வரத் தெரியாதா?" என்று கத்தினாள் ஆர்டிஸ்.

"சாரி ஆர்டிஸ்! எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்களேன்னு!" என்று அவன் ஜன்னல் வழியாகக் கும்பிடாத குறையாகச் சொல்லிக்கொண்டே மேலே போய்விட்டான்.

அடுத்தது அவள் முறை. லேலண்ட் ஏற்கெனவே படகில் ஏறி மோட்டார் பக்கத்தில் குந்தியிருந்தான். ஆர்டிஸ் கரண்டி கரண்டியாகச் சாம்பலை அள்ளி அந்த ஈரக் கோட்டின்மேல் வீசினாள். பூட்ஸால் தேய்த்தும் பார்த்தாள். பிடிப்பு நன்றாகவே இருந்தது. அப்புறம் டிரக்கில் ஏறி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ரிவர்ஸில் போட்டு, இறக்கினாள்.

டிரெய்லர் தண்ணீரைத் தொடுகிற நேரம். கண்ணாடியில் லேலண்டின் ஆரஞ்சுத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக்கை அழுத்தினாள். எஞ்சின் உறுமியது. டிரக் நிற்கவில்லை, பின்னால் பாய்ந்தது. வழுக்குகிறது என்று இன்னும் பலமாக அழுத்தினாள், உறுமல் இன்னும் பெரிதாயிற்று. குனிந்து பார்த்தபோது பூட்ஸ் தவறான பெடலில் இருந்தது. அதற்குள் தண்ணீர் கதவு வழியே உள்ளே வந்துவிட்டது.

வார் இன்னும் கழற்றப்படவில்லை. டிரெய்லர் ஆழத்துக்குப் போகப் போக, அதோடு கட்டியிருந்த படகின் மூக்கும் கீழே போயிற்று. வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாத லேலண்ட் அன்றைக்கு நாலு காலில் முன்னால் தாவி, மீன் வெட்டுகிற கத்தியால் வாரை அறுத்தான். படகு துள்ளி மேலே வந்தது. ஆர்டிஸ் திறந்திருந்த கதவு வழியே குதித்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். குளிர் நெஞ்சைப் பிடித்து, கத்தக்கூட முடியவில்லை. மேலேயிருந்து ஓடி வந்து உள்ளே குதித்து அவளைக் கக்கத்தில் இடுக்கிக் கரைக்கு இழுத்தவன் ட்ரெவர்.

தன் கோட்டைக் கழற்றி அவளுக்குச் சுற்றினான். பல் கிடுகிடுக்க, "என்னாலதான். வடிய விடாம வந்துட்டேன். என்னாலதான் ஆர்டிஸ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவள் வாயைத் திறந்தாள். அவளுடைய பல்லும் அடித்துக்கொண்டது. குளிரில் பேச வரவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். அணை இரைச்சலில் எஞ்சின் உறுமியதை யாரும் கேட்டிருக்கவில்லை. சாம்பல் போட்ட இடத்தையெல்லாம் தண்ணீர் அலம்பிவிட்டது.

அப்புறம் ஊர் தன் வேலையைத் தொடங்கியது. தூண்டில் கடை வைத்திருக்கிற மைலோ வாசலில் ஒரு பலகை மாட்டினார்: "வடியவிட்டு ஏறவும். ட்ரெவர் ஆகிவிடாதீர்கள்." ட்ரெவர் வந்து பார்த்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். ஆற்றிலிருந்து இழுத்த டிரக்கைத் தன் கொட்டகைக்குக் கொண்டுபோய், வேலை முடிந்து வந்து தினமும் அதைப் பிரித்து உலர்த்திப் பூட்டினான். எதுவும் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அவன் பெண்டாட்டி உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஓவனில் வேகவைத்த பெரிய பாத்திரத்தை ஆர்டிஸ் வீட்டில் கொடுத்துவிட்டு, "அவர் சரியா தூங்கறதே இல்ல, எழுந்து எழுந்து உக்காந்துக்கறார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். லேலண்ட் இரண்டு தட்டுச் சாப்பிட்டான். ஆர்டிஸுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அவள் சமையலறையிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து சமையலறைக்கும் நடந்தாள். மூன்று தடவை கோட்டை மாட்டிக்கொண்டு ட்ரெவர் வீட்டுக்குக் கிளம்பி, தபால் பெட்டிவரை போய்த் திரும்பினாள். சொன்னால் சாவி போய்விடும். சொல்லாவிட்டால்? அந்தப் பையன் செய்யாத தப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைவான். அலையட்டும், சின்ன வயசு, மறந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட உடனே தன்மேலேயே அருவருப்பு வந்து, ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களையெல்லாம் மறுபடி கழுவினாள்.

மைலோதான் அந்தச் செய்தியைச் சொன்னார். "ட்ரெவர் படகை விக்கறானாம். லேலண்ட் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு கேக்கறான். இனிமே இந்த சரிவுல கால் வைக்க மாட்டானாம்."

அடுத்த சனிக்கிழமை டிரக் தயாராகிவிட்டது. ட்ரெவரே லேலண்டின் படகையும் டிரெய்லரையும் அதில் மாட்டி, நேராகச் சரிவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். வரிசையில் நின்றவர்கள் கையுறையோடு தட்டினார்கள். அவன் இறங்கி ஆர்டிஸிடம் சாவியை நீட்டினான்.

"முதல்ல நீங்கதான் இறக்கணும். ஐஸ் இருக்குமோன்னு பயப்படாதீங்க. நான் கீழ நின்னு சாம்பல் போட்டுக்கிட்டே இருப்பேன், ஒரு பொட்டு விடமாட்டேன்."

ஆர்டிஸ் சாவியை வாங்கிக்கொண்டாள். கை தானாக நீண்டுவிட்டது. ஏறி உட்கார்ந்தாள். கதவைத் திறந்து வைத்தாள். குனிந்து பார்த்தாள், பூட்ஸ் பிரேக்கின்மேல் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். படகில் லேலண்ட் இருந்தான். படகுக்குப் பின்னால், தண்ணீர் விளிம்பில், வாளியை அணைத்துக்கொண்டு ட்ரெவர் முதுகைக் காட்டிக் குனிந்து சாம்பல் தூவிக்கொண்டிருந்தான்.

மறுபடி குனிந்து காலைப் பார்த்தாள். இருந்தது. அங்கேதான் இருந்தது. நிமிர்ந்தால் இருக்குமா?

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"என்ன ஆச்சு, ஸ்டார்ட் ஆகலையா?" என்று ட்ரெவர் பதறி ஓடிவந்தான்.

"அன்னிக்கு வழுக்கல, ட்ரெவர்."

"என்ன?"

"நீ விட்ட ஈரத்து மேல நான் சாம்பல் போட்டுட்டுதான் இறக்குனேன். டயர் நல்லாதான் பிடிச்சுது. பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டேன்." வரிசையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "என் வலது கால்ல உணர்ச்சியே கெடையாது. நவம்பர்லேர்ந்து. டாக்டர் ஓட்டக் கூடாதுன்னார். நான் யார்கிட்டயும் சொல்லல."

மைலோவுக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. "பலகைல பேரை மாத்தி எழுதிக்கலாம், பெயிண்ட் இருக்கு" என்றார். ஒருவரும் சிரிக்காததைப் பார்த்து அவரும் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார்.

"என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க" என்றான் ட்ரெவர் மெதுவாக. "உங்கப்பா ஒரு கிழவனைக் கொல்லப் பாத்தாராமேன்னு. அவ அழுதுக்கிட்டே வந்தா. நான் ஆமாம்மா, தப்பு என்னுதுதான்னு சொன்னேன்."

"என்னை மன்னிச்சுடு."

எங்கள் ஊரில் யாராவது மன்னிப்புக் கேட்டால், வாக்கியம் முடிவதற்குள் பரவாயில்லை என்று சொல்லிவிடுவோம். காலை மிதித்தவனுக்கும் சொல்வோம், வேலியை இடித்தவனுக்கும் சொல்வோம். ட்ரெவரின் முகம் சிவந்துவிட்டது.

"இல்ல ஆர்டிஸ்" என்றான். "இதுக்கு என்னால அப்படிச் சொல்ல முடியாது. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க. தினமும் என்னைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சொன்னது நிஜம். ட்ரெவர் கையை நீட்டினான். "சாவியைக் குடுங்க."

கொடுத்தாள். கொடுத்தபின் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. கரையில் அவளுக்கு இனி வேலை இல்லை. சாம்பல் வாளியும் அவன் கையில் இருந்தது.

"யாராவது இறக்குங்கப்பா, இங்க ஒருத்தன் வெறைச்சுப் போயிருக்கான்" என்று லேலண்ட் படகிலிருந்து குரல் கொடுத்தான். பிறகு, "நீ ஏறு" என்றான் அவளைப் பார்த்து.

"நானா?"

"வேற யாரைச் சொல்றேன்?"

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். நடுப் பலகையில் அவள் உட்கார்ந்ததும் டிரக் நகர்ந்தது. டிரெய்லர்மேல், வானத்துக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே அவள் உட்கார்ந்திருக்க, ஆறு முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. டிரக்கின் கண்ணாடியில் ட்ரெவரின் நெற்றி மட்டும் தெரிந்தது. அவன் என்ன நினைக்கிறான் என்று தெரியவில்லை. பிரேக்கில் இருப்பது அவன் கால். அவன் நினைத்தால் நிற்கும், இல்லையென்றால் இல்லை. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அது போதாது என்று பட்டது.

"உனக்கு பயமா இருக்காதா?" என்று லேலண்டைக் கேட்டாள்.

"எப்ப?"

"இப்படி. நான் இறக்கறப்ப."

"முன்னெல்லாம் இல்ல" என்றான் அவன். "நவம்பர்ல வான்கோழிப் பண்டிகைக்கு அப்பறம் தினமும் பயந்தான்."

ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா கண்ணாடியைப் பாத்து ஓட்டுனவ திடீர்னு காலைப் பாத்து ஓட்டறா. நான் பின்னாலதான உக்காந்திருக்கேன், பாக்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

"ஏன் கேக்கல? ஏன் ஒரு வார்த்தை கேக்கல? செத்திருப்ப, லேலண்ட்!"

"செத்திருப்பேன்" என்று ஒப்புக்கொண்டான். "கேட்டா நீ நிறுத்தியிருப்ப. அப்பறம் நீ ஜன்னல் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கறத நான் பாக்க வேண்டி வந்திருக்கும். அதுக்கு ஆத்துல விழறதே தேவலன்னு இருந்துச்சு."

அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அழுதாள், மூக்கு ஒழுக, குழந்தைபோல. அவன் பாட்டுக்கு முன்னால் போய், படகின் பின்பக்கம் தண்ணீரைத் தொட்டதும் வாரைக் கழற்றினான். படகு டிரெய்லரை விட்டு மிதந்தது. ட்ரெவர் ஒரு அங்குலம் தவறாமல் நிறுத்தியிருந்தான்.

அவன் டிரக்கை விட்டு இறங்கி விளிம்புவரை வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. கோபம் அப்படியே இருந்தது. வாயைக் கையால் குவித்துக்கொண்டு அணை இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

"எத்தனை மணிக்கு வந்து ஏத்தணும்?"

ஆர்டிஸ் கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். லேலண்ட்தான், "மூணு மணிக்கு!" என்று கத்தினான். ட்ரெவர் தலையை ஆட்டினான். கையசைக்காமல் திரும்பி டிரக்கில் ஏறிக்கொண்டான்.